பேர் மாறிப் போன திராட்சை

போன வருஷம் செப்டம்பரில் நானும் வீட்டுக்காரியும் டொராண்டோவில் மகள் வீட்டில் இருந்தோம். மூன்றாவது வீட்டில் சிலி நாட்டுக் குடும்பம் ஒன்று. பெரியவர் என் வயதுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாத்தியாருக்கு வாத்தியார் பழகிவிட எத்தனை நாள் ஆகும்? தினமும் நடைப்பயிற்சிக்குச் சேர்ந்து போக ஆரம்பித்தோம்.

செப்டம்பர் 18 அவர்களுடைய தேசியத் திருநாள். ஸ்பெயின் அரசனின் ஆளுகையிலிருந்து விலகும் முதல் அடியாக 1810இல் சாந்தியாகோவில் சொந்த ஆட்சிக்குழு அமைத்த நாள். அன்றைக்கு எங்கள் குடும்பத்தையே விருந்துக்கு அழைத்திருந்தார். மேசை நடுவில் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில். நான் எழுபத்தோரு வயதில் முதல் தடவையாக இரண்டு வாய் குடித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரி குடிக்கவில்லை. ஆனால் தம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என் காதருகே சொன்னாள்: "என்னங்க, குடமிளகாயை நறுக்கின மாதிரியில்ல வாசம் வருது?"

மருமகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் பெரியவர் எழுந்து நின்று கை தட்டிவிட்டார். "அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த வாசனையோடுதான் எங்கள் ஊரில் நூறு வருஷத்துக்கு மேல் இந்தத் திராட்சை வேறொரு பெயரில் வாழ்ந்தது" என்றார். அன்று அவர் சொன்னதையும், ஊர் திரும்பியபின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குத் திராட்சை சொந்த விஷயம். ஒயினைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள்கூட கொடியைப் பற்றி என்றால் கேட்பார்கள் என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

அந்தத் திராட்சையின் பெயர் கார்மெனேர். பிறந்த இடம் பிரான்சின் தென்மேற்கே போர்தோ. அங்கே மெடாக் என்ற பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இதைப் பரவலாகப் பயிர் செய்தார்கள். 'கார்மின்' என்றால் கருஞ்சிவப்புச் சாயம். இலையுதிர் காலத்தில் கொடியின் இலைகள் அந்த நிறத்துக்கு மாறுவதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். நிறமும் மணமும் நிறைந்த நல்ல ரகம்தான். ஆனால் விவசாயிக்கு நம்பகமான ரகம் இல்லை. பூக்கும் நேரத்தில் குளிரோ மழையோ வந்தால் பூவெல்லாம் கொட்டிப்போகும், குலையில் மணி பிடிக்காது. பழுக்கவும் ரொம்ப நாள் எடுக்கும். போர்தோவோ கடலோர ஊர், ஈரக் காற்று. ஒரு வருஷம் காய்த்தால் அடுத்த வருஷம் ஏமாற்றும்.

இந்தச் சமயத்தில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒரு கேடு வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு பைலோக்சரா என்ற சின்னஞ்சிறு பூச்சியும் வந்து சேர்ந்தது. அசுவினி இனத்துக்கு உறவு. மண்ணுக்குள் இருந்துகொண்டு வேரில் சாறு உறிஞ்சும். 1863 வாக்கில் தெற்கு பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் பூச்சி இருக்காது. அது ஏற்கெனவே அடுத்த கொடிக்குப் போயிருக்கும். 1868இல் மோன்பெலியே நகரத்துத் தாவரவியல் பேராசிரியர் பிளாஞ்சோனும் அவருடன் சென்ற இருவரும் பட்டுப்போகாத கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது. தாவரவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த இடத்தில் ஒரு பெருமை. பதில் செத்ததில் இல்லை, சாகப்போவதில் இருந்தது.

மருந்து எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் தீர்வும் பூச்சி வந்த நாட்டிலிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும். அதனால் அமெரிக்க வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். ஒட்டு மாஞ்செடி பார்த்த நமக்கு இது புரியும். ஆனால் ஒரு நாட்டின் தோட்டங்களையெல்லாம் பிடுங்கி மறுபடி நடுவது என்றால் எவ்வளவு செலவு! அப்படிச் செலவு செய்கிறவன் எந்த ரகத்தை நடுவான்? வருஷா வருஷம் காய்ப்பதைத்தான். மெர்லோவை நட்டார்கள், காபர்நே சோவிஞோனை நட்டார்கள். பூக்கொட்டும் கார்மெனேரை விட்டுவிட்டார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் போர்தோவில் அது பெயரளவில் மட்டும் மிஞ்சியது. அழிந்தே போய்விட்டது என்று பலரும் நினைத்தார்கள்.

இப்போது சிலிக்கு வருவோம். அங்கே 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஸ்பானியர்கள் திராட்சையைக் கொண்டுபோய்விட்டார்கள். கோயில் பூசைக்கு ஒயின் வேண்டுமே! மூன்று நூற்றாண்டு அந்த நாட்டு ரகமே ஓடியது. பிறகு சுரங்கத் தொழிலில் பணம் பார்த்த குடும்பங்களுக்குப் பிரெஞ்சு மோகம் வந்தது. 1851இல் சில்வெஸ்த்ரே ஒச்சகாவியா என்ற நிலக்கிழார் பிரெஞ்சுத் திராட்சை ரகங்களை வரவழைத்து நட்டார். பார்த்தவர்கள் பின்பற்றினார்கள். பைலோக்சரா பிரான்சைத் தொடுவதற்குச் சுமார் பத்து வருஷம் முன்னால் நடந்தது இது என்பதைக் கவனிக்க வேண்டும். கொடி முந்திக்கொண்டது, பூச்சி பிந்திவிட்டது.

பூச்சி பிறகாவது அங்கே போயிருக்கலாமே? போகவில்லை. வடக்கே அட்டகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டீஸ் மலை, மேற்கே பசிபிக் கடல், தெற்கே பனிக்கட்டி. வீட்டுக்கு நான்கு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் கட்டியதுபோல இயற்கையே கட்டிக் கொடுத்திருக்கிறது. துறைமுகத்தில் செடி, விதை பரிசோதனையும் கடுமை. அதனால் இன்றைக்கும் சிலியில் பெரும்பகுதிக் கொடிகள் ஒட்டு இல்லாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

அப்படிக் கப்பலில் போன குச்சிகளில் மெர்லோவும் இருந்தது, கார்மெனேரும் இருந்தது. நம் பக்கத்தில் பந்தல் போடுகிறவர்களுக்குத் தெரியும், நடுகிற குச்சியைப் பார்த்து ரகம் சொல்வது லேசில்லை. இலை விட்டபிறகும் இவை இரண்டும் பங்காளிச் சாயல். இப்போது மரபணுச் சோதனை சொல்கிறது, மெர்லோவுக்கும் கார்மெனேருக்கும் பெற்றோரில் ஒன்று பொது. காபர்நே பிராங்க் என்ற ரகம்தான் அது. ஒரே தகப்பனின் இரண்டு தாரத்துப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயல் இருக்கத்தானே செய்யும்?

ஆக, சிலியில் இரண்டும் ஒரே தோட்டத்தில் கலந்து நின்றன. எல்லாவற்றுக்கும் பெயர் மெர்லோ. தோட்டக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை. சில கொடிகள் இரண்டு மூன்று வாரம், சில சமயம் ஒரு மாதம்கூடத் தாமதமாகப் பழுக்கின்றன என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். 'மெர்லோ சிலேனோ', அதாவது சிலி மெர்லோ என்று ஒரு பெயரும் வைத்தார்கள். மண்ணும் தண்ணீரும் மாறினால் குணம் மாறும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் அறுவடை எல்லாவற்றுக்கும் ஒரே நாள்தான். மெர்லோ பழுத்த அன்றைக்குப் பறித்தால் கார்மெனேர் இன்னும் செங்காய். கார்மெனேருக்குக் காத்திருந்தால் மெர்லோ அழுகிவிடும். ஆகவே பழமும் செங்காயும் சேர்ந்தே தொட்டிக்குப் போனது. செங்காயில் பைரசின் என்ற வகைப் பொருள் அதிகம். குடமிளகாய்க்கு வாசனை கொடுப்பதும் அதே பொருள்தான். நீச்சல் குளத்துத் தண்ணீரில் சில சொட்டு விழுந்தால்கூட மூக்குக்குத் தெரிந்துவிடுகிற அளவுக்கு வீரியம். நன்றாக வெயில் பட்டுப் பழுத்தால் அது குறைந்துவிடும். 1980களில் சிலி ஒயின் வெளிநாடுகளுக்குப் போக ஆரம்பித்தபோது, 'சிலி மெர்லோ மலிவு, நல்லது, ஆனால் ஏதோ பச்சை வாசம்' என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். அந்தப் பச்சை வாசம்தான் காட்டிக்கொடுத்த சாட்சி. அதை விசாரிக்க ஆள் வரவில்லை, அவ்வளவே.

ஆள் வந்தது 1994இல். ழான் மிஷேல் புர்சிகோ, அதே மோன்பெலியேயில் திராட்சைப் பேராசிரியர். இலை, தளிர், பூ, குலை இவற்றைப் பார்த்து ரகம் சொல்வது அவர் துறை. ஒரு மாநாட்டுக்காக சாந்தியாகோ போனவரை, மைப்போ பள்ளத்தாக்கில் உள்ள கார்மென் ஒயின் நிறுவனத்தின் தோட்டத்துக்கு அழைத்துப்போனார்கள். நவம்பர் 24. பூமியின் தென்பாதியில் அது வசந்தம் முடிகிற நேரம், கொடிகள் பூவில் நின்றன. 'மெர்லோ' என்று காட்டிய வரிசையில் குனிந்து பார்த்தார். பூவின் மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டு இருந்தன. மெர்லோவுக்கு அப்படி இருக்காது. இளந்தளிரிலும் மெர்லோவுக்கு இல்லாத ஒரு சிவப்புச் சாயல். இது மெர்லோ இல்லை, போர்தோவின் பழைய கார்மெனேர் என்று சொல்லிவிட்டார். போர்தோ தொலைத்துவிட்ட பிள்ளை, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறு பெயரில் குடும்பம் குட்டியோடு இருந்தது.

இதைக் கேட்டு அங்கே எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பெரியவர் சிரித்தார். "சார், மெர்லோ என்றால் அமெரிக்காக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான். கார்மெனேர் என்றால் யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷம் பொய்ச் சீட்டு ஒட்டி விற்றீர்களா என்று வேறு கேட்பான். பலருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது" என்றார். உண்மைதான். பெயரைத் திருத்துவது என்றால் தோட்டத்தைக் கொடி கொடியாகப் பிரிக்க வேண்டும், தனித்தனியாக அறுக்க வேண்டும், வாங்குகிறவனுக்குப் புதுப் பெயரைப் பழக்க வேண்டும். கார்மென் நிறுவனமே முதலில் 'கிராந்த் விதூர்' என்ற பழைய மெடாக் பெயரைப் போட்டுத்தான் பாட்டில் வெளியிட்டது. 1998இல் சிலி வேளாண்துறை கார்மெனேரைத் தனி ரகம் என்று அங்கீகரித்தது.

பெயர் சரியானதும் பயிர் சரியானது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். இது தாமதமாகப் பழுக்கும் ரகம் என்று தெரிந்தபின், தென்பாதியின் இலையுதிர் காலமான ஏப்ரல், மே வரைகூடக் கொடியிலேயே விட்டார்கள். மழையில்லாத நீண்ட கோடை, மலைப் பனி உருகி வருகிற பாசனம், ஈரம் பிடிக்கும் களிமண் கலந்த நிலம். போர்தோவில் எது கிடைக்காமல் திண்டாடியதோ அதெல்லாம் இங்கே கிடைத்தது. பேவுமோ, கொல்ச்சாகுவா பகுதிகள் இதற்கே பெயர் பெற்றுவிட்டன. இப்போது சிலியில் சுமார் பத்தாயிரம் ஹெக்டேரில் கார்மெனேர் நிற்கிறது. நவம்பர் 24ஐ கார்மெனேர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சிலியில் மட்டும் நடந்த தவறும் இல்லை இது. இத்தாலியின் வடகிழக்கில் காபர்நே பிராங்க் என்று நட்டிருந்ததில் நிறைய கார்மெனேர்தான் என்று பிறகு தெரிந்தது. சீனாவில் 1892இல் யான்டாய் நகரில் ஒயின் நிறுவனம் தொடங்கியவர் சியோங் ஃபாட் சே என்ற பெரும் வணிகர். பினாங்கு போனவர்கள் அவருடைய நீல நிற மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். சீனாவில் 'காபர்நே கெர்னிஷ்ட்' என்ற பெயரில் ஒரு நூற்றாண்டாகப் பயிராகும் ரகமும் கார்மெனேரே என்று மரபணுச் சோதனை காட்டியது. பெயரைத் தொலைத்த பிள்ளை உலகம் பூராவும் இருந்திருக்கிறது.

இனி சாப்பாடு. அந்த விருந்தில் முதலில் வந்தது எம்பனாடா. நம் சோமாசி போன்ற வடிவம், உள்ளே இனிப்புக்குப் பதிலாக 'பீனோ' என்கிற பூரணம். கொத்திய மாட்டிறைச்சி, ஏராளமான வெங்காயம், சீரகம், உலர்ந்த திராட்சை, ஒரு ஆலிவ் காய், அவித்த முட்டைத் துண்டு. எங்களுக்காக ஆட்டுக்கறியில் செய்திருந்தார்கள். அடுத்து 'பஸ்தெல் தே சோக்லோ'. இளம் மக்காச்சோளத்தை அரைத்துக் கிளறி, மண்சட்டியில் அந்தப் பீனோவின் மேல் பரப்பி, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவி அடுப்பில் சுட்டது. இனிப்பும் காரமும் கறியும் ஒரே கரண்டியில். சைவக்காரர்களுக்கு 'பொரோத்தோஸ் கிரனாதோஸ்' என்று பச்சை மொச்சை மாதிரி பயறும் பரங்கியும் சோளமும் துளசி இனத்து இலையும் போட்ட கூட்டு. வீட்டுக்காரி அதைத்தான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

இவற்றோடு ஏன் கார்மெனேர் என்று கேட்டேன். பெரியவர் விளக்கினார். நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு இதில் குறைவு, புளிப்பும் குறைவு. அதனால் சோளத்தின் இனிப்போடு சண்டை போடாது. அந்தக் குடமிளகாய் வாசனை, நன்றாகப் பழுத்ததில் லேசாகத்தான் இருக்கும், அது சீரகத்தோடும் சுட்ட கறியோடும் சேர்ந்துவிடும். மாப்புச்சே பழங்குடியினர் செய்யும் 'மெர்கேன்' என்ற பொடி, புகையில் காய்ந்த மிளகாயும் கொத்தமல்லி விதையும் இடித்தது, அதைத் தொட்டுக்கொண்டால் இன்னும் பொருத்தம். அந்தப் பொடியை நாக்கில் வைத்ததும் எனக்கு நம் வீட்டு அம்மி ஞாபகம் வந்தது. "அப்படியானால் எங்கள் ஊர் மிளகாய்க் குழம்புக்கும் சரிப்படுமா?" என்றேன். "கூடாது. அதிகக் காரத்துக்கு மேல் ஒயின் ஊற்றினால் எரிச்சல் இரட்டிப்பாகும். மிளகும் சீரகமும் போட்ட வறுவல் என்றால் பார்க்கலாம்" என்றார். நான் சோதித்துப் பார்க்கவில்லை. யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை போடுகிறவர்கள் நாம்.

நம் பன்னீர் திராட்சைக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். நூல்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று இருப்பது நம் நாவில் பன்னீர் ஆனது. நம்மவர்கள் வைத்த பெயர் வேறு, ஆனால் செடி இன்னது என்பதில் குழப்பம் இல்லை. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை என்றே புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. சுருளிப்பட்டிக்காரருக்கும் காமயகவுண்டன்பட்டிக்காரருக்கும் அந்தப் பெயர்தான் இனி சொத்து.

இவ்வளவையும் எழுத என்னைத் தூண்டியது திராட்சை அல்ல, ஒரு பலகை. நான் வேலை பார்த்த கல்லூரியின் வாசலில் நெடுநெடுவென்று வரிசையாக நெட்டிலிங்க மரங்கள். அதில் ஒன்றில் 'அசோக மரம்' என்று பலகை. நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையான அசோகம் வேறு. அது உயரம் குறைந்த மரம், ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வேலையில் சேர்ந்த வருஷமே மேலிடத்தில் சொன்னேன். "இருக்கட்டும் சார், எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க" என்று பதில் வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

பல வருஷம் கழித்து எங்கள் மாணவன் ஒருவன் வெளியூரில் நேர்முகத் தேர்வுக்குப் போனான். நெட்டிலிங்கக் கிளையைக் காட்டிப் பெயர் கேட்டிருக்கிறார்கள். அசோகத்தின் தாவரவியல் பெயரைச் சொல்லியிருக்கிறான். இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து என்னிடம், "ஐயா, நம்ம காலேஜ் போர்டுல அப்படித்தானே இருக்கு?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சந்தேகமாகக் கேட்டான். எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அசோகப் பட்டை பெண்களுக்கான நாட்டு மருந்தில் சேருவது. அதில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்படம் செய்கிறார்கள் என்று ஆய்வுகளே உண்டு. அப்போதும் நான் அந்தப் பலகையைக் கழற்றவில்லை. ஓய்வு பெற்று வெளியே வந்த அன்றும் அதன் கீழேதான் மாலையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மைப்போ தோட்டத்தில் குனிந்து பூவைப் பார்த்த மனிதரும் விருந்தாளிதான். கண்டும் காணாமல் போயிருக்கலாம். அவர் சொன்னார்.

ஊர் திரும்பியதும் தை மாதத்தில் ஒரு நாள் பெயின்டரைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். இப்போது இருப்பவர்கள் தடை சொல்லவில்லை. 'நெட்டிலிங்கம்' என்று எழுதி மாட்டியாயிற்று. அசோகக் கன்று ஒன்று வாங்கிப் பக்கத்தில் நட்டு, அதற்கும் ஒரு பலகை வைத்திருக்கிறோம். வாட்ச்மேன் கேட்டார், "ஏன் சார், இவ்வளவு நாள் இல்லாம இப்ப?" நான் சிலி கதையை ஆரம்பித்தேன். பாதியில் மணி அடித்துவிட்டது, அவர் கேட்டைத் திறக்கப் போய்விட்டார். அந்த மாணவன் இப்போது திருப்பூரில் கடை வைத்திருக்கிறான் என்று கேள்வி. இதை அவன் படித்தால் ஒரு வார்த்தை எழுதட்டும்.